அந்த ஒரு அறை நீங்கலாக

நாலும் வெள்ளைதான். எப்படிப் பார்த்தாலும் வைத்திலிங்கத்துக்கு அப்படித்தான் தெரிந்தது. ஹாலில் டி.வி.யை ஓரமாக நகர்த்திவிட்டு, காலியான சுவரில் பெயிண்டர் சவரிமுத்து நாலு சதுரம் அடித்துவிட்டுப் போயிருந்தான். ஒவ்வொன்றுக்கும் கீழே பென்சிலால் பெயர் வேறு எழுதியிருந்தான். ஐவரி, சந்தனம், பிஸ்தா, லெமன். பெயரைப் படித்தால் ஐஸ்கிரீம் கடை, சுவரைப் பார்த்தால் சோறு வடித்த கஞ்சி. ஈரத்துல ஒரு கலரு இருக்கும் சார், காஞ்சா ஒரு கலரு இருக்கும், பக்கத்துத் தெருவுல ஒரு கேட்டு பாக்கி கெடக்கு, அத முடிச்சுட்டு வந்துர்றேன், அதுக்குள்ள நல்லாப் பாத்து ஒண்ணச் சொல்லிருங்க, இன்னிக்கு டப்பா எடுத்தாத்தான் நாளைக்கு வேலையத் தொடங்கலாம் என்று சொல்லிவிட்டு அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய் வெகு நேரமாகிவிட்டது. வைத்திலிங்கம் நின்ற இடத்திலேயே நிற்கிறார். திருச்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். துறையூர் வண்டி எப்போது, முசிறி வண்டி எப்போது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். இந்த வெள்ளைக்கும் அந்த வெள்ளைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால், ஜவுளிக் கடையில் உட்காரவைக்கப்பட்ட புருஷன் மாதிரி விழிப்பார். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் எந்த நிறத்தையும் அவர் தேர்ந்தெடுத்ததில்லை. வாசல் கேட்டிலிருந்து அவர் போட்டிருக்கும் சட்டை வரைக்கும் மங்கையர்க்கரசி எடுத்ததுதான். அந்த மங்கையர்க்கரசி இப்போது உள்ளறையில் கட்டிலில் படுத்திருக்கிறாள். கதவு பாதி சாத்தியிருக்கிறது. நீங்களே பாத்துச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதுதான் காலையிலிருந்து அவர் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

போன வாரம் அவள் பெயிண்ட் பேச்சை எடுத்தபோது அவருக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் எதையும் கேட்டதில்லை. இளநீர் வெட்டட்டுமா, வேண்டாம். ஜன்னலைத் திறக்கட்டுமா, வேண்டாம். பொண்ணுக்குப் போன் போட்டுத் தரட்டுமா, அப்புறம் பேசிக்கிறேன். எல்லாவற்றுக்கும் வேண்டாம் சொல்லிக்கொண்டிருந்தவள் ஒரு சாயங்காலம் தலையணையில் தலையைத் திருப்பி, வீட்டுக்கு பெயிண்டு அடிச்சிரலாங்க என்றாள். அப்பாடா என்று இருந்தது அவருக்கு. பெயிண்ட் அடிக்க நினைக்கிறவள் பிழைத்து எழுந்திருக்க நினைக்கிறவள்தானே. டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியாது. தெரியவே தெரியாது. வராந்தா கோடிக்கு அவரை மட்டும் கூப்பிட்டு, வயித்துலேர்ந்து ஈரலுக்குப் போயிருச்சு சார், இனிமே கத்தி வச்சுப் பிரயோஜனமில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி பிடிச்சதச் செஞ்சு குடுங்க என்றார் டாக்டர். பிடித்ததைச் செய்துகொடு என்பதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு, கேன்டீனில் ஒரு டீ குடித்துவிட்டு, அந்த டீயின் சூடு நெஞ்சில் இறங்கியதா இல்லையா என்றுகூடத் தெரியாமல், வார்டுக்குள் போய், வயித்துல புண்ணாம், ஆற நாளாகுமாம், ரெஸ்ட்டு எடுக்கணுமாம் என்றார். அவளும் சரி என்றாள். எவ்வளவு சுலபமாகச் சரி என்றாள். அவர் சொன்ன எதையும் ரெண்டு தடவை குறுக்கு விசாரணை செய்யாமல் நம்பாதவள், பஸ் லேட்டு என்று சொன்னால் சட்டையை மோந்து பார்த்தவள், அன்றைக்கு மட்டும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பொய் பலித்த நிம்மதியில் அவருக்கு அது அப்போது உறைக்கவில்லை. பெயிண்ட் என்றதும் துள்ளி எழுந்து, என்ன கலரு அடிக்கலாம் மங்கை என்று கேட்டார். லைட்டா எதுனாச்சும் பாருங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க. நானா? ஆமா, நீங்கதானே இருக்கப் போறீங்க. அப்புறம் ஒரு சின்ன இடைவெளி விட்டு, நாள் பூரா வீட்டுல என்று சேர்த்துக்கொண்டாள். அந்த இடைவெளிதான். அவர் ரிட்டயர் ஆகி எத்தனையோ காலமாகிவிட்டது, நாள் பூரா வீட்டில்தான் இருக்கிறார், அதை இப்போது சொல்வானேன்.

இல்லை, அதிகமாக யோசிக்கக் கூடாது. கலரைப் பார்ப்போம். ஐவரியைப் பார்ப்போம். காய்ந்துகொண்டு வருகிறது, ஓரங்கள் வெளுத்துவிட்டன, நடுவில் மட்டும் இன்னும் ஈரம். கிட்டே போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்தால் கொஞ்சம் மஞ்சள். வெளியே மேகம் ஒதுங்கி வெயில் உள்ளே விழுந்தபோது பளிச்சென்று இருந்தது, அடுத்த நிமிஷம் மேகம் மூடியதும் ஆஸ்பத்திரி வராந்தாவாகிவிட்டது. அதே சுவர். அங்கே இடுப்பளவுக்கு அடித்திருந்ததும் இதே நிறம்தான். அதன் கீழே வரிசையாக இரும்பு நாற்காலி, நாற்காலியில் கையில் ஃபைலோடு உட்கார்ந்திருப்பவர்கள், யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, எல்லாரும் அந்தச் சுவரைத்தான் பார்ப்பார்கள், அவரும் பார்த்தார், எவ்வளவு நேரம் பார்த்தாரோ. ஐவரி வேண்டாம். சந்தனம் பரவாயில்லை. சந்தனம் மங்களகரமான பெயர். கல்யாண வீட்டில் வாசலிலேயே சந்தனம்தான். ஆனால் சந்தனம் கல்யாண வீட்டில் மட்டுமா. அப்பா நெற்றியில் பூசியிருந்தார்கள், பொட்டு வைத்து, அது காய்ந்து வெடித்து இதே நிறத்தில்தான் இருந்தது. எங்கோ பார்க்க வேண்டிய புத்தி எங்கே போகிறது பார். நெற்றியை விட்டுச் சுவருக்கு வா என்று அவர் தன்னையே அதட்டிக்கொண்டார். வந்தது. ஆனால் இந்தச் சுவருக்கு வரவில்லை, அப்பா செத்த வருஷத்துச் சுவருக்கு வந்தது.

அப்பா போனது ஒரு மார்கழி முன்பகுதியில். அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டுக்கு வருஷம் திரும்புகிற வரை வெள்ளையடிக்கக் கூடாது. பொங்கல் கிடையாது, கோலம் கிடையாது, சுவரைத் தொடக் கூடாது. செத்தவர் கிடந்த அறைக்கு மட்டும், கருமாதிக்கு முந்தி, கழுவிவிட்டு ஒரு கை சுண்ணாம்பு அடித்துவிட வேண்டும். மற்ற இடமெல்லாம் இருக்கிறபடியே இருக்கும். அந்த வருஷம் அடுப்புப் புகை படிந்து சமையற்கட்டு கரிச்சட்டியாகிவிட்டது, நடையில் மழைநீர் இறங்கி வீடு பூராவும் பூசணம். மங்கை அப்போது கயலை வயிற்றில் வைத்திருந்தாள். பிரசவமாகி தாய்வீட்டிலிருந்து பிள்ளையோடு வந்து அந்தக் கரிச் சுவருக்குக் கீழேதான் தொட்டில் கட்டினாள். ஒரு நாள் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, அவருடைய அம்மா காதில் விழாதபடி அவரிடம், மாமா ஒரு வார்த்த முன்கூட்டி சொல்லியிருந்தா தீவாளிக்கே வெள்ளையடிச்சு வச்சிருக்கலாம், போற மனுசங்க வீட்டுக்கு ஒரு கை அடிச்சுட்டுப் போனா என்னவாம் என்றாள். ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. சிறுவயது, சாவு என்றால் ஊரில் யாருக்கோ வருவது என்ற எண்ணம், அதனால் சிரித்தார்கள். போற மனுசங்க வீட்டுக்கு ஒரு கை அடிச்சுட்டுப் போனா என்னவாம். வைத்திலிங்கம் சந்தனச் சதுரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த டி.வி. மேல் கையை ஊன்றிக்கொண்டார்.

இல்லை, அப்படியெல்லாம் இருக்காது. விளையாட்டுக்குச் சொன்னது, அவளுக்கு அது ஞாபகம் இருக்கவே இருக்காது. அவளுக்கு ஞாபகம் இருக்காதா? பக்கத்து வீட்டுக்காரி என்றைக்கோ வாங்கிக்கொண்டு போன உளுந்து ஞாபகம் இருக்கும் அவளுக்கு. சரி, ஞாபகம் இருக்கட்டும். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம். வீடு அழுக்காக இருக்கிறது, அடிக்கச் சொன்னாள், அவ்வளவுதான். ஆனால் ஐப்பசியில் யாராவது பெயிண்ட் அடிப்பார்களா? அடைமழைக் காலம். சவரிமுத்துவே முதல் நாள் வந்தபோது சொன்னான், மழையில காயாது சார், பூத்துப் போயிரும், மார்கழி கடைசியில வெச்சுக்கிட்டா பொங்கலுக்குப் புதுசா இருக்கும். ஊர் உலகத்தில் எல்லாரும் அப்போதுதான் அடிப்பார்கள். கட்டிலிலிருந்தே இவள் குரல் கொடுத்தாள், இல்ல தம்பி, இப்பவே அடிச்சிருங்க. அவசரக் குடுக்கை, எப்பவும் இப்படித்தான் என்று அவர் சிரித்தார். சிரித்தார்! பொங்கலுக்கு வீட்டைப் பளிச்சென்று வைக்காவிட்டால் தூக்கம் வராதவள், பொங்கலுக்கு முன்னால் இப்பவே என்கிறாள் என்றால், அவள் கணக்கில் பொங்கல் இல்லை. தை அவள் கணக்கில் இல்லை. அதை அவர் அல்லவா முதலில் தெரிந்துகொண்டிருக்க வேண்டும், ஊருக்கெல்லாம் நேரம் சொன்னவர். டாக்டர் சொன்னதை மறைத்துவைத்துக்கொண்டு, திருடன் மாதிரி வீட்டுக்குள் நடமாடிக்கொண்டு, அவளுக்குத் தெரியாது தெரியாது என்று தனக்குத்தானே தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். பயமாக இருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்பது, அவளுக்கு வந்திருக்கிற நோயைவிட அவருக்கு அதிகப் பயமாக இருந்தது. ஏனென்றால் நோய் அவள் உடம்பில் இருக்கிறது, இது அவர்கள் ரெண்டு பேருக்கும் நடுவில் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

தண்ணீர்! மாத்திரை நேரம். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அறையில் மருந்து வாடையும் காலையில் ஏற்றிய ஊதுபத்தி வாடையும் கலந்து கிடந்தன. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். எழுப்பி, முதுகுக்குத் தலையணை வைத்து, மாத்திரையைக் கொடுத்தார். முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. எப்பேர்ப்பட்ட உடம்பு, தனியாளாகக் கிரைண்டரைத் தூக்கி வைப்பாள். "என்ன, முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கேட்டாள். "நாலும் ஒண்ணு மாதிரியே இருக்கு. நீ வந்து ஒரு நட பாத்துரேன். நான் பிடிச்சுக்கறேன்." "இருக்கட்டும். நீங்களே பாருங்க." "எனக்கு என்னடி தெரியும் கலரப் பத்தி." "தெரிஞ்சுக்கங்க." அவர் ஆழம் பார்க்க நினைத்தார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "இல்ல மங்கை, மழையும் விடல. பேசாம பொங்கலுக்கு அடிச்சா என்ன?" என்றார். அவள் முகத்தையே பார்த்தார். முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. "பொங்கலுக்குன்னா ஆளு கெடைக்காது. கெடைச்சாலும் கூலியக் கூட்டிக் கேப்பான்" என்றாள். எவ்வளவு சரியான பதில். ஒரு ஓட்டை இல்லை. மாத்திரைக் கசப்பில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, தண்ணீரை மறுபடியும் ஒரு வாய் குடித்துவிட்டு, அவர் கேட்காமலே அவள் சொன்னாள். "லைட் கலரா அடிச்சா வெளிச்சமா இருக்கும். உங்களுக்கு சாயங்காலம் ஆனா லைட்டப் போடணும்னே தோணாது. இருட்டுலயே உக்காந்திருப்பீங்க." சொல்லிவிட்டுச் சரிந்து படுத்துக்கொண்டாள். அவர் டம்ளரோடு நின்றார். சாயங்காலமானால் லைட்டைப் போடுகிறவள் அவள். வாசல் லைட்டு, சாமி விளக்கு, ஹால் லைட்டு என்று வரிசையாகப் போட்டுக்கொண்டு வருவாள். படுத்த படுக்கையானதிலிருந்தும், இருட்டிப் போச்சு, லைட்டப் போடுங்க என்று உள்ளேயிருந்து குரல் வரும். அந்தக் குரல் இல்லாத ஒரு சாயங்காலத்தை அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள். அவர் இந்த ஹாலில் நாற்காலியில், இருட்டில், லைட்டுப் போடத் தோன்றாமல் உட்கார்ந்திருப்பதை இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, சுவராவது கொஞ்சம் வெளிச்சமாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். அவருக்குக் கத்தி அழ வேண்டும்போல இருந்தது. டம்ளரைக் கழுவப் போவதுபோல வெளியே வந்துவிட்டார்.

பிஸ்தா. பிஸ்தாவை இன்னும் பார்க்கவே இல்லை. பச்சையும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல், பாசி பிடித்த தொட்டித் தண்ணீர் மாதிரி. அவரவர் வீட்டில் எப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்களோ. கயலுக்குப் போன் போடலாம். திருப்பூரில் இருக்கிறாள், அவள் வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் அடித்திருக்கிறாள். போனைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு, என்ன கேட்பது? எந்தக் கலர் என்று கேட்பதா, அம்மாவுக்குத் தெரியும்போல இருக்கு பாப்பா என்று சொல்வதா. சொன்னால் அவள் அழுவாள், அவள் அழுதால் இவரும் அழுவார், உள்ளே காது கேட்கும். போனை டி.வி. மேல் வைத்தார். லெமன். எலுமிச்சம்பழம் எந்தக் காலத்தில் இந்த நிறத்தில் இருந்தது. சரி, ஒன்றைச் சொல்லாமலே விட்டுவிட்டால் என்ன? அந்த யோசனை வந்ததும் மனசு சட்டென்று லேசாயிற்று. சொல்ல வேண்டாம். சவரிமுத்து வந்து கேட்டால், இன்னும் பார்க்கிறோம் என்று சொல்லலாம். நாளைக்கு வந்து கேட்டால், வேற ஷேடு அடிச்சுக் காட்டு என்று சொல்லலாம். நாலு போய் எட்டு ஆகட்டும், சுவர் பூரா சதுரம் சதுரமாக நிரம்பட்டும். அப்படியே ஐப்பசி போகும், கார்த்திகை போகும், மார்கழியும் போய்விடும். பெயிண்ட் அடித்து முடிக்காமல் அவள் போக மாட்டாள். வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிற ஆளில்லை. பஸ் ஸ்டாண்டில் அவர் விசில் ஊதாமல் ஒரு வண்டி நகராது. ஓட்டுநர் ஹாரன் அடிப்பார், கண்டக்டர் படியில் நின்று கத்துவார், அவர் யாரோ ஒரு பிள்ளைத்தாய்ச்சி மூட்டையோடு ஓடிவருவதைப் பார்த்துக்கொண்டே விசிலை வாயில் வைத்து ஊதாமல் நிற்பார். அது மாதிரி நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். ஆனால் எவ்வளவு நேரம் நிற்க முடியும். பின்னால் அடுத்த வண்டி வந்துவிடும், அது வந்தால் இது போய்த்தான் ஆக வேண்டும். அவர் நிறுத்திவைத்த வண்டி எதுவும் போகாமல் இருந்ததில்லை. கிழட்டுப் புத்தி, சுவரில் கலரைச் சொல்லாமல் இருந்தால் எமனை வாசலில் உட்காரவைத்துவிடலாம் என்று நினைக்கிறது. இதைக் கேட்டால் மங்கையே சிரிப்பாள். அவர் கலரைச் சொன்னால், நீ போகலாம் என்று அவளிடம் சொன்ன மாதிரி. சொல்லாவிட்டால், அவள் கடைசியாகக் கேட்ட ஒன்றையும் செய்யாத மாதிரி. ரெண்டுக்கும் நடுவில், ஈரச் சுவரில் கை பட்டுவிடாமல், கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த மனுஷன் நின்றார்.

வெளியே வண்டிச் சத்தம். சவரிமுத்து உள்ளே வந்தான். கையெல்லாம் கேட்டுக்கு அடித்த கறுப்பு. "என்ன சார், முடிவு பண்ணியாச்சா?" "பாத்துக்கிட்டே இருக்கேன் சவரி. மழை வேற வர்ற மாதிரி இருக்கு." "அதத்தான் சார் நானும் அம்மாகிட்டச் சொன்னேன். அவங்கதான் கேக்கல. பரவால்ல, உள்வேலைதானே, ஃபேனப் போட்டுக் காயவச்சுக்கலாம்." சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே அவன் வாய்க்கணக்காகச் சொன்னான். "ஹாலு, சமையக்கட்டு, நடை, முன்ரூம்பு. எல்லாத்துக்கும் உப்புத்தாள் போட்டு, பட்டி பாத்து, ரெண்டு கோட்டு. அம்மா படுத்திருக்க ரூம்பு மட்டும் நீங்கலா. அப்படித்தானே சார்?" "ஆமா, அவளுக்கு வாசனை ஒத்துக்காது. டாக்டரு வேற சொல்லிருக்காரு." அவள் சொன்ன இந்தக் காரணத்தை அவர் எத்தனையோ தடவை தனக்கே சொல்லிக்கொண்டதால் சரளமாக வந்தது. "வாசன இல்லாத பெயிண்டு இருக்கு சார். அம்மாகிட்டயும் சொன்னேன். கட்டில ரெண்டு நாளைக்கு இங்கிட்டு ஹாலுல போட்டுக்கிட்டா அதையும் சேத்து முடிச்சிரலாம்மான்னேன். அவங்கதான், வேணாந் தம்பி, அந்த ரூம்புக்கு அப்பறமா எப்படியும் ஒரு கை அடிப்பாங்க, அப்ப உங்களத்தான் கூப்புடுவாரு, இப்ப அடிச்சா வீண் செலவுன்னாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. வீட்டையே அடிக்கறப்ப ஒரு ரூம்ப மட்டும் விட்டுட்டு அப்பறமா அடிக்கறது என்ன கணக்கு சார்?" அவன் கோவிலுக்குப் போகிறவன் அல்ல, சர்ச்சுக்குப் போகிறவன். அவன் ஆட்களிடம் இந்த ஒரு கை சுண்ணாம்பு வழக்கம் கிடையாது. ஒன்றும் தெரியாமல், கையில் ஒட்டியிருந்த கறுப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டான்.

வைத்திலிங்கத்துக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். அவரே ஆச்சரியப்படும்படியான கோபம். எல்லாவற்றையும் ஏற்பாடு செய்துவிட்டாள். எந்த அறைக்கு இப்போது, எந்த அறைக்கு அப்புறம், அடிக்கிற ஆள் யார் என்பது வரைக்கும். கூலிக்காரனிடம் சொன்னவள் கட்டின புருஷனிடம் சொல்லவில்லை. அவர் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அதைக் காப்பாற்ற ராத்திரி பகலாக நெஞ்சு படபடக்கத் திரிந்தால், அவள் அதைவிட நல்ல பொய்யைச் சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கிறாள். வாசனை ஒத்துக்காதாம். அந்த அறையில்தான் அவர்கள் ரெண்டு பேரும் இத்தனை காலம் படுத்து எழுந்தார்கள், சண்டை போட்டு முதுகைத் திருப்பிக்கொண்டார்கள், கயல் காய்ச்சலில் அனத்தியபோது மாறி மாறி விழித்திருந்தார்கள். அதைப் போய்ச் செத்தவர் கிடந்த அறை என்று அவள் முடிவு பண்ணிவிட்டாள், உயிரோடு படுத்துக்கொண்டே. வீடெல்லாம் அவருக்காம், அது மட்டும் அவளுக்காம், அதற்குக் கருமாதிச் சுண்ணாம்பு போதுமாம். "சவரிமுத்து," என்றார். குரல் பஸ் ஸ்டாண்டுக் குரலாக வந்தது. "நாளைக்கு மொதல்ல அந்த ரூம்புதான். மத்ததெல்லாம் அப்பறம். வா, கட்டில இப்பவே நகத்துவோம்."

"என்னங்க இது கூத்து?" என்றாள் மங்கையர்க்கரசி, கட்டிலின் தலைமாட்டில் ஒருவரும் கால்மாட்டில் ஒருவருமாக வந்து நின்றதும். "ரூம்புக்கு பெயிண்டு அடிக்கப் போறோம்." "இதுக்கு வேணாம்னு சொன்னேன்ல. வாசன…" "வாசன வராத பெயிண்டு இருக்காம்." "எதுக்குங்க வீணா. இந்த ரூம்புக்குத்தான் அப்பறம்…" என்று தொடங்கியவள் சவரிமுத்துவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், நிறுத்திக்கொண்டாள். அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக் குனிந்தபடியே சொன்னார். "அப்பறம் அடிக்கணும்னா அப்பறமும் அடிச்சுக்கறேன். இப்பவும் அடிக்கறேன்." சவரிமுத்துவுக்கு அப்போதுதான் ஏதோ புரிந்திருக்க வேண்டும். ஏணியைப் பாத்துட்டு வரேன் என்று முணுமுணுத்துவிட்டு வெளியே நழுவினான். அவள் போர்வை ஓரத்தை நீவிவிட்டாள். "டாக்டரு என்ன சொன்னாருன்னு எப்பத் தெரியும் உனக்கு?" என்று அவர்தான் கேட்டார். "நீங்க மொகத்தக் கழுவிட்டு வந்தீங்க பாருங்க, அப்பவே. நீங்க என்னிக்கு மத்தியானத்துல மொகங் கழுவியிருக்கீங்க." சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்துவிட்டது. அவர் கட்டிலில் உட்கார்ந்தார். இத்தனை நாள் அவளுக்கு எதிரில் அழக் கூடாது என்று வைத்திருந்ததெல்லாம் வந்தது. அவள் தடுக்கவில்லை. முதுகில் கையை வைத்துக்கொண்டு, அழுங்க, அழுதுட்டுப் போங்க என்று மட்டும் சொன்னாள்.

அழுது முடிந்த பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு அவர், சவரிமுத்து கொடுத்து, கைலி மடிப்பில் செருகிவைத்திருந்த ஷேட் கார்டை எடுத்து அவள் மடியில் வைத்தார். "இந்த ரூம்புக்கு நீதான் சொல்லணும். ஐவரி, சந்தனம், பிஸ்தா, லெமன்." அவள் அதைத் தொடாமல் பார்த்தாள். எனக்கு எதுக்குங்க என்று ஒரு தடவை சொன்னாள். அவர் எழுந்திருக்கவில்லை. ஜன்னலில் தூறல் விழத் தொடங்கியிருந்தது. வேறு யாருக்கோ சொல்வதுபோல, "அதுல எதுவும் வேணாம்" என்றாள். "பின்ன?" "ரோசு." "ரோசா?" "லேசா. இருக்கறதே தெரியாம. எங்க பெரியத்தை வீட்டுல ஒரு ரூம்புக்கு அடிச்சிருந்தாங்க. கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து ஆசை. நீங்க சிரிப்பீங்கன்னு கேக்கல." ரோஸ்! வைத்திலிங்கத்துக்கு உலகத்திலேயே பிடிக்காத நிறம் அது. பிறந்தநாள் கேக்குக்கும் பியூட்டி பார்லருக்கும் ஆன நிறம். கைலியும் பனியனுமாக, நரைத்த நெஞ்சும் மூக்குக் கண்ணாடியுமாக, ஒரு ஆம்பளை ரோஸ் அறையில் எப்படிப் படுத்துத் தூங்குவான். அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து அவள் உண்மையாகவே சிரித்துவிட்டாள், இருமல் வந்து நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள். "வேணாம் விடுங்க, சும்மா சொன்னேன். சந்தனமே இருக்கட்டும்." சவரிமுத்து வாசலில் ஏணியோடு வந்து நின்றிருந்தான். "என்ன கலரு சார்?" என்றான். "ரோசு," என்றார் வைத்திலிங்கம். "லேசான ரோசு. ரெண்டு கோட்டு." சார் தப்பாகச் சொல்கிறாரோ என்று அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவர் எழுந்து கட்டிலின் தலைமாட்டுக்குப் போனார். இந்த அறையில், அந்த ரோஸுக்கு நடுவில், தான் மட்டும் படுத்திருக்கிற ராத்திரிகள் வரும் என்று அவருக்குத் தெரிந்தது. கருமாதிக்கு முந்தி ஒரு கை சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பங்காளிகள் வருவார்கள் என்றும் தெரிந்தது. யார் வந்தாலும் அந்தச் சுவரைத் தொட விடப்போவதில்லை என்று, கட்டிலைத் தூக்கக் குனிந்தபோது, அவர் முடிவு பண்ணிவிட்டார்.